இடிக்குப் பயந்த பேய் சார்

எழுபதுகளின் தொடக்கத்தில் அருப்புக்கோட்டையில் பேய்க்குப் பயப்படாத ஆட்கள் சிலர் இருந்தார்கள். பேய் சாருக்குப் பயப்படாத ஆள் ஒருவர்கூட இல்லை. வேடிக்கை என்னவென்றால், யாரைக் கண்டு எங்கள் தெருவே கதவைச் சாத்திக்கொண்டதோ அந்தப் பேய் சாரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை இந்தச் சீமை முன்னும் கண்டதில்லை, பின்னும் காணவில்லை.

பல்லிக்குப் பயம். எருமைக்குப் பயம். மதுரை பஸ்ஸின் ஹாரனுக்குப் பயம். சோடா உடைக்கும்போது கோலி உள்ளே விழுகிற சத்தத்துக்குப் பயம். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தெருமுனைவரை போய் நின்று, உடைத்தாகிவிட்டது என்று கையசைத்த பிறகுதான் வந்து குடிப்பார். அதற்குள் சோடாவில் காற்று போயிருக்கும். அவருக்கு அதுவும் நல்லதுதான். ஏப்பம் வந்தால்கூடத் திடுக்கிடுகிற மனுஷர்.

நான் அப்போது ஒரு பஞ்சுக் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நெசவாளர் தெரு ஒன்றில், ரங்கம்மாக்கா வீட்டு மாடியில் எனக்கு ஓர் அறை. கீழே மூன்று தறிகள், விடிந்தால் தடக்தடக்கென்று ஆரம்பித்துவிடும். மாடியில் இன்னோர் அறை காலியாகக் கிடந்தது. அதற்குத்தான் அவர் வந்து சேர்ந்தார். கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்து ஆள். கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்க வந்தவர். ஒல்லி உடம்பு, தோளில் மெத்தை, கையில் தகரப் பெட்டி. பெட்டி முழுக்கக் காகிதம்.

ரங்கம்மாக்கா எந்தக் குடித்தனக்காரரையும் நாலு கேள்வி கேட்காமல் சாவியைக் கொடுக்கமாட்டார்.

"காலேசுல பாடம் எடுக்குறது போக வேற என்ன செய்வீக தம்பி?"

"ஆராய்ச்சிங்க."

"எதைப் பத்தி?"

"பேய்களை அப்புறப்படுத்துறதுங்க," என்றார் அவர், தக்காளி விற்கிறேன் என்று சொல்கிற மாதிரி.

அக்கா சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஓர் எட்டு பின்னால் போனார். "பேயா? எங்கன?"

"எல்லா இடத்துலயும் இருக்குதுங்க. எண்ண முடியாதுங்க. முடிவே இல்லீங்க."

அக்கா வீட்டில் பேசுவது தெலுங்கு. அவசரத்தில் தறிக்குழியில் இருந்த புருஷனிடம் ஓடி, வந்திருப்பவர் 'தெய்யம்' ஓட்டுகிறவராம் என்று சொல்லியிருக்கிறார். தெலுங்கில் தெய்யம் என்றால் பேய். பக்கத்து வீட்டுத் தமிழ்க்காரம்மா காதில் அது தெய்வம் என்று விழுந்துவிட்டது. ஆகவே அன்று மாலை, தெருவில் பாதிப்பேர் வேப்பிலையை வாசலில் செருகினார்கள்; மீதிப்பேர் தேங்காய் பழத் தட்டோடு மாடியேறி வந்து நின்றார்கள். கதவைத் திறந்த பேய் சார், தட்டில் எரிந்துகொண்டிருந்த சூடத்தைப் பார்த்துப் பயந்து கதவைச் சாத்திவிட்டார்.

அன்றிலிருந்து அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை.

அவர் சொன்னது பொய்யில்லை. அந்தக் காலத்தில் அவருடைய துறையில் நிஜமாகவே பேய் என்று ஒன்று இருந்ததாம். சாயங்காலங்களில் மொட்டைமாடியில் உட்கார்ந்து எனக்குச் சொல்லுவார். உலகத்தில் உள்ள துகளெல்லாம் ஒரு நுண்ணிய கம்பி அதிர்வதால் வருகிறது என்று ஒரு புதிய யோசனை வந்திருந்தது. கம்பிக்கு முடிவில்லாத ஸ்வரங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் சில ஸ்வரங்கள் மட்டும் எடக்குப் பண்ணுகின்றன. அவை நடப்பதற்கான வாய்ப்பு பூஜ்யத்துக்கும் கீழே வருகிறது.

"மழை வர வாய்ப்பு இருக்குது, வாய்ப்பு இல்லை, இப்படித்தானுங்களே சொல்ல முடியும்? வாய்ப்பு இல்லைங்கிறதுக்கும் கீழே போனா அது என்னதுங்க? அதுக்குத்தான் வெள்ளைக்காரனே பேயின்னு பேர் வெச்சிருக்கானுங்க. அது ஒண்ணு இருந்தாலும் மொத்தக் கணக்கும் செத்துப்போகுமுங்க."

முடிவில்லாத பேய்களை ஓட்ட முடிவில்லாத காவலாட்கள் வேண்டும். அந்தக் காவலாட்களின் கூட்டத்துக்குத்தான் முடிவிலாப் பரிமாண லீ அல்ஜீப்ரா என்று பெயர். இதே தலைப்பில் அவருக்கு ஒரு பார்சல் வந்தபோது, நாலெழுத்து இங்கிலீஷ் தெரிந்த எங்கள் மண்டி முதலாளி அதைப் பிடுங்கிப் படித்துவிட்டு, "எல்லையில்லாப் பொய்க் கணக்குன்னு போட்டிருக்கேப்பா! நம்ம மண்டிக்கு ஆகும்போல இருக்கே!" என்றார். Lie என்று எழுதியிருந்தாலும் அது பொய் இல்லை, லீ என்கிற ஓர் ஆளின் பெயர் என்று நான் சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

"அந்தக் காவலாளுங்க எல்லாம் ஒரே குடும்பமுங்க," என்று பேய் சார் எனக்கு விளக்கினார். "ஒருத்தர் முன்னாடி, ஒருத்தர் பின்னாடின்னு ரெண்டு பேரை வேலைக்கு அனுப்புங்க. அப்புறம் அவங்களையே மாத்தி, பின்னவரை முன்னாடி அனுப்புங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் வருமுங்க. சட்டையைப் போட்டுட்டுக் குளிக்கிறதும், குளிச்சுட்டுச் சட்டையைப் போடுறதும் ஒண்ணுங்களா? அந்த வித்தியாசம் இருக்குதே, அதுவும் அதே குடும்பத்து ஆள்தானுங்க. வெளியாள் வரமாட்டானுங்க."

"சரி, அப்புறம் என்ன பயம்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "கடைசியில ஒரு ஒத்த எண்ணு மிச்சம் நிக்குதுங்க. அது யாரோடதும் இல்லீங்க. அந்தக் குடும்பத்துல யாரும் அதைக் கொண்டுவரலீங்க. சும்மா நிக்குதுங்க."

சொல்லிவிட்டு மொட்டைமாடியில் சுற்றுமுற்றும் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் புரியாமலே பயந்த கணக்கு எனக்கு அது ஒன்றுதான்.

இந்த ஒற்றை எண்ணால் அவருடைய பேய்கள் போகாமலே இருந்தன. மதராசில் அவருக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர், 'பேய் இல்லை என்று எழுதி அனுப்பிவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்றாராம். நிரூபிக்காமல் அப்படி ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டுதான் இவர் பட்டம் வாங்காமலே இங்கே வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் தெருவே சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் மாடியிலிருந்து திடீரென்று ஓர் அலறல் கேட்கும்.

"ஐயோ, பேய் போகலீங்களே!"

கீழே தறி நிற்கும். தொட்டிலில் குழந்தை வீரிடும். எதிர்வீட்டில் யாரோ துடைப்பத்தை எடுத்து நிலைப்படியில் குறுக்கே போடுவார்கள். ரங்கம்மாக்கா என்னைக் கூப்பிட்டு, "அவுகளைக் காலி பண்ணச் சொல்லு தம்பி. போகாத பேயை எதுக்கு எங்க வீட்டு மாடியில வச்சு ஓட்டணும்? காலேசுல வச்சு ஓட்டச் சொல்லு," என்பார். நான் போய்ச் சொல்வதற்கு முன்பே பேய் சார் என் அறை வாசலில் நிற்பார். "கொஞ்சம் கொல்லைப்பக்கம் வர்றீங்களா? தனியாப் போகப் பயமா இருக்குதுங்க." பட்டப்பகலில், வெளியே நான் நின்று சத்தமாகப் பேசிக்கொண்டே இருந்தால்தான் அவருக்கு உள்ளே காரியம் ஆகும்.

எல்லாப் பயத்துக்கும் ராஜா இடி. அந்தச் சீமையில் மழைதான் வராதே ஒழிய இடிக்குக் குறைவிருக்காது. தூரத்தில் ஒரு முணுமுணுப்புக் கேட்டால் போதும், அறையில் உள்ள உலோகமெல்லாம் ஜன்னல் வழியாகப் பறக்கும். சாவிக்கொத்து, டம்ளர், டிபன் கேரியர், ஒருமுறை என் கைக்கடிகாரம். பிறகு நடு அறையில் மரப்பலகை போட்டு, அதன்மேல் காலைத் தூக்கி வைத்துக் குந்திக்கொள்வார். கண் இறுக மூடியிருக்கும்.

"நீங்க பௌதிகம் படிச்சவர். டம்ளரைத் தூக்கிப்போட்டா இடி விழாதா?" என்று கேட்டேன்.

"போடாட்டியும் ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியுங்க," என்றார். "பயத்துக்குத் தெரியலீங்களே."

இப்படி இருக்கையில் ஐப்பசி மாதம் ஒருநாள், இருப்பு வைத்திருந்த பருத்தியை லோடு ஏற்றிவந்த சங்கையா என்கிற வெள்ளாமைக்காரச் சம்சாரி மண்டியில் என் மேஜையருகே வந்து தயங்கி நின்றார். பரளச்சிக்கு அங்கிட்டு ஒரு குக்கிராமம் அவருக்கு. எப்போதும் எடைக்கல்லைப் பற்றிச் சண்டை போடுகிறவர், அன்று துண்டைக் கையில் வைத்துப் பிசைந்தார்.

"உங்க வீட்டு மாடியில ஒரு வாத்தியாரு இருக்காகளாம்ல. பேயோட்டுவாகளாம்."

"அது வேற பேய் அண்ணாச்சி. கணக்குல வர்ற பேய்."

"அதுதான் கேக்கேன். அவுக கணக்குப் போட்டே ஓட்டுவாகளாம்ல? அடிக்க மாட்டாகள்ல?"

அந்த 'அடிக்க மாட்டாகள்ல'-வில் அவர் குரல் உடைந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார். அவருடைய தங்கச்சி பாக்கியம். போன சித்திரையில் ஒரு கோடை மழையில், கரிசல் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது இடி விழுந்து, கூட இருந்த சேக்காளி பேச்சி அந்த இடத்திலேயே போய்விட்டாள். பாக்கியத்துக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் அன்றைக்கு வாயை மூடியவள்தான். வெளியே வருவதில்லை. தானியம் போட்டுவைக்கிற மண் குலுக்கைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் போய் உட்கார்ந்தபடியே இருக்கிறாள். பேச்சி வந்து பிடித்துக்கொண்டாள் என்று ஊர் சொல்லிவிட்டது. பேயோட்டுகிற கோடாங்கிக்குச் சொல்லியாகிவிட்டது.

"எங்க சித்தி மகளுக்கு இதே கோடாங்கிதான் ஓட்டுனாரு. மொளகாப் பொகை போட்டு, சாட்டையால அடிச்ச அடியில அவளுக்கு இன்னமும் ஒரு கை வெளங்கலை. ஊரை மீறி நான் வேண்டாம்னு சொல்ல முடியாது. பெரிய ஆளு ஒருத்தர் வந்து பாத்துட்டாருன்னா விட்டுருவாக."

இதை நான் பேய் சாரிடம் சொன்னபோது, முதலில் அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். "நானா? நான் நிஜப் பேய்க்குப் போகமாட்டேனுங்க!" அடுத்த நிமிஷம், "அந்தப் பொண்ணை அடிப்பாங்களா?" என்று கேட்டார். அடிப்பார்கள் என்றேன். எழுந்து சட்டையை மாட்டினார். பொத்தான் ஒன்றும் துளையில் சேரவில்லை. நான்தான் போட்டுவிட்டேன்.

பஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்து சங்கையாவின் வண்டியில் போனோம். சுற்றிலும் கண்ணுக்கெட்டியவரை கறுப்பு மண். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. தெற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. காற்று நின்றுபோயிருந்தது. மாடுகள் காதை மடக்கி மடக்கி நிமிர்த்தின. பேய் சார் வண்டியின் நடுவில் உட்கார்ந்து, மாட்டுக் கழுத்து மணியையே பார்த்துக்கொண்டு வந்தார். அதைக் கழற்றி எறியச் சொல்லவேண்டும் என்று அவர் உதடு துடித்தது எனக்குத் தெரிந்தது. நானும் அன்று வீரன் இல்லை. அந்த வெட்டவெளியில் மூன்று மனிதர்களும் இரண்டு மாடுகளும்தான் உயரம். மேகம் எங்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது போல இருந்தது.

வீட்டு முற்றத்தில் ஊர் கூடியிருந்தது. கோடாங்கி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். பனைமரம் மாதிரி ஆள். நெற்றி நிறையத் திருநீறு, முழங்கைவரை இரும்புக் காப்புகள். உடுக்கை மடியில். சாட்டை வாசல்நிலை ஆணியில் தொங்கியது. எண்ணெய் போட்டு ஊறவைத்த சாட்டை. அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு கீழே விழுந்ததைப் பேய் சார் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"வாங்க வாத்தியாரய்யா," என்றார் கோடாங்கி, ஏகப்பட்ட மரியாதையோடு. "படிச்சவுக மொதல்ல பாருங்க. உங்களுக்கு அடங்கலைன்னா நான் பாத்துக்கிறேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பேய் சார் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மின்னல் வெட்டியது. வீடு, மாடு, முகங்கள் எல்லாம் ஒரு கணம் வெள்ளைவெளேரென்று நின்றன. பின்னாலேயே தலைமேல் இடி.

அவர் எப்படி ஓடினார் என்று என்னால் விவரிக்க முடியாது. போகிற போக்கில் வாசலில் இருந்த பித்தளைச் செம்பு வெளியே பறந்தது. அருவாள் பறந்தது. "காப்பைக் கழட்டுங்க! கையில இரும்பு இருக்குதுங்க, கழட்டுங்க!" என்று கோடாங்கியின் முகத்துக்கு நேரே கத்திவிட்டு, வீட்டுக்குள் பாய்ந்து, இருட்டில் எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே புகுந்தார். குலுக்கைக்கும் சுவருக்கும் நடுவில்.

வெளியே மழை கொட்டியது. முற்றத்துக் கூட்டம் முழுவதும் உள்ளே வந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. கோடாங்கியும் வந்தார். அவர் ஒரு காப்பைக் கழற்றி இடுப்பில் செருகுவதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. அடுத்த இடி விழுந்தது. அதன் முழக்கம் அடங்கும்போது, குலுக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், ரொம்ப நாள் புழங்காத கதவு மாதிரிக் கரகரவென்று வந்தது.

"ஐயா… எங்காலை மிதிக்கிறீக."

சங்கையா அப்படியே மண்தரையில் உட்கார்ந்துவிட்டார். சித்திரைக்கு அப்புறம் அவர் தங்கச்சி பேசிய முதல் வார்த்தை.

"மன்னிச்சுக்கங்க. இருட்டுல தெரியலீங்க," என்றது பேய் சாரின் குரல். பல் தந்தியடித்தது.

"பயமா இருக்கா?"

"ரொம்பப் பயமா இருக்குதுங்க."

"எனக்கும்தான்."

மழைச் சத்தத்துக்கு நடுவே இரண்டு குரல்கள் மட்டும். அவள்தான் பேசினாள். ஒரு குட்டி ஒதுங்கிப் போனதாம். நீ போறியா நான் போகவா என்று கேட்டாளாம் பேச்சி. இவள்தான் நான் போறேன் என்று எழுந்தாளாம். குட்டியைப் பிடித்துக்கொண்டு திரும்பினால் ஒரே வெள்ளை. வெள்ளை போனபிறகு பேச்சி இல்லை.

"நான் உக்காந்து, அவ போயிருந்தா, அவ இருந்திருப்பால்ல? அதான் அவ வந்து கேக்கா. தெனமும் கேக்கா. நான் என்ன சொல்ல?"

பிறகு பேய் சார் பேசினார். அந்தக் குரலில் நடுக்கம் இருந்தது. ஆனால் வகுப்பில் பாடம் சொல்கிறவரின் நிதானமும் வந்திருந்தது.

"நான் அந்தக் கணக்கைத்தானுங்க வருசக்கணக்காப் போட்டுட்டு இருக்கேன். ஒருத்தரை முன்னாடி விட்டு, ஒருத்தரைப் பின்னாடி விட்டு, அப்புறம் மாத்தி விட்டு. மாத்தினா வித்தியாசம் வருமுங்க. வராதுன்னு நான் பொய் சொல்லமாட்டேன். ஆனா எல்லாம் கழிச்ச பிறகும் ஒண்ணு மிச்சம் நிக்குமுங்க. அது முன்னாடி போனவரோடதும் இல்லீங்க, பின்னாடி இருந்தவரோடதும் இல்லீங்க. யாரோடதும் இல்லீங்க. நானும் தேடாத இடமில்லை. அது உங்களோடதுன்னு எந்தக் கணக்குலயும் வரலீங்க."

"நெசமாவா?"

"நூறு தடவை போட்டுப் பாத்திருக்கேனுங்க."

அவள் அழுகிற சத்தம் கேட்டது. பேய் பிடித்தவள் அழுகை அல்ல. சேக்காளியைப் பறிகொடுத்த பெண்ணின் அழுகை. அவளுடைய ஆத்தாள் இடுக்குக்குள் கையை விட்டு அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

மழை விட்டது. குலுக்கைக்குப் பின்னாலிருந்து முதலில் பாக்கியம் வெளியே வந்தாள். பேய் சாரைத்தான் இழுத்து எடுக்கவேண்டியிருந்தது. முகமெல்லாம் ஒட்டடை.

கோடாங்கி விடுவதாக இல்லை. "பேசுனது யாரு? பாக்கியமா, பேச்சியா? பேயி சில சமயம் இப்படித்தான் நல்லாப் பேசும்," என்றார். கூட்டம் முணுமுணுத்தது. அவர் கை ஆணியின் பக்கம் போனது. பாக்கியம் சாட்டையைப் பார்த்தாள். மறுபடி குலுக்கைப் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தாள்.

"பேய் போயிருச்சா வாத்தியாரய்யா?" என்று கோடாங்கி கேட்டார். "போயிருச்சுன்னா சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. நான் உடுக்கையை எடுத்துக்கிட்டுப் போயிட்டே இருக்கேன்."

தட்டில் ஒரு பெரிய கட்டிச் சூடத்தைப் பற்றவைத்து நீட்டினார். நெருப்பு ஒரு முழம் எழும்பியது.

இந்த மனுஷரை எனக்குத் தெரியும். நிரூபிக்காமல் பேய் இல்லை என்று சொல்லமாட்டேன் என்று பட்டத்தையே விட்டுவிட்டு வந்தவர். சூடத்தைப் பார்த்தால் கதவைச் சாத்துகிறவர். 'தெரியலீங்க, இன்னும் பாக்கணுமுங்க' என்று உண்மையைச் சொல்லிவிடுவார். சாட்டை கீழே இறங்கிவிடும்.

பேய் சார் நெருப்பைப் பார்த்தார். பாக்கியத்தைப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். வலது உள்ளங்கையை எரிகிற சூடத்தின்மேல் ஓங்கி அடித்தார்.

"பேய் இல்லீங்க!" என்று கத்தினார். அந்தக் கத்தலில் வாசல் மாடு கயிற்றை இழுத்தது. "இங்க பேயே இல்லீங்க! எப்பவும் இருந்ததில்லீங்க! இனியும் வராதுங்க!"

சூடம் அணைந்து புகைந்தது. கையை எடுக்க மறந்துபோய் அப்படியே நின்றார். நான்தான் எடுத்துவிட்டேன். தோல் தட்டோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. கோடாங்கி அவர் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். சாட்டையை எடுத்துச் சுருட்டி உடுக்கையோடு பையில் வைத்தார். வாசலைத் தாண்டும்போது என்னிடம் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார். "அந்தக் காப்பு விசயம்… நெசமாவா? இடிக்கு ஆகாதா?"

திரும்பி வரும் வழியெல்லாம் பேய் சார் கையை ஊதிக்கொண்டே வந்தார். வலி தாங்கமாட்டாமல் கண்ணில் நீர். "நிரூபிக்காமச் சொல்லிப்போட்டேனுங்க," என்றார் ஒருமுறை. சிறிது தூரம் போனபின், "போயிருக்குமுங்களா?" என்று என்னைக் கேட்டார். போயிருக்கும் என்றேன். ரங்கம்மாக்கா கையைப் பார்த்துவிட்டு, தெலுங்கில் யாரையோ திட்டிக்கொண்டே விளக்கெண்ணெயும் பழைய வேட்டித் துணியும் கொண்டுவந்து கட்டினார். அவரைக் காலி பண்ணச் சொல் என்ற பேச்சு அன்றோடு நின்றது. வெகுநாள் சாக்பீஸ் பிடிக்க முடியாமல், அவர் இடது கையால் எழுதியதை மாணவர்கள் பேயெழுத்து என்றார்கள்.

பாக்கியம் தேறிவிட்டாள். அடுத்த தை மாதம் அண்ணனோடு கொத்தமல்லி மூட்டை வண்டியில் டவுனுக்கு வந்தவள், மண்டிக்கும் வந்தாள். இடி என்றால் இன்னும் பயம்தான் என்று அவளே சிரித்தபடி சொன்னாள். "அவுக எப்படி இருக்காக? உங்க வீட்டுல குலுக்கை கெடையாதாமே. இடி இடிச்சா எங்கன போயி ஒளிவாக, பாவம்?"

அந்தக் கோடையில்தான் கடல் கடந்து ஒரு தபால் கட்டு வந்தது. மாடிப்படியிலேயே உட்கார்ந்து படித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழவில்லை. நான் மண்டியிலிருந்து வந்தபோதும் அதே படியில்தான் இருந்தார்.

"போயிருச்சாமுங்க," என்றார். "எல்லாப் பேயும். இருபத்தாறு பரிமாணத்துல வெச்சுப் போட்டா ஒரு பேய்கூட மிச்சமில்லையாமுங்க. அங்க ரெண்டு இடத்துல நிரூபிச்சுட்டாங்க."

வேறு யாரோ முந்திக்கொண்டார்கள் என்பது எனக்கே புரிந்தது. நானும் ஒரு படி கீழே உட்கார்ந்தேன். ரங்கம்மாக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இருவத்தாறுல இல்லைன்னா நம்ம வீட்டுல?"

"நீளம், அகலம், உயரம், காலம்னு நம்ம வீட்டுல நாலுதானுங்களே அக்கா."

"அப்ப இங்கன இருக்கும்கிறீகளா?"

பேய் சார் அக்காவைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது, அந்தக் கண்ணீரில் எத்தனை பங்கு சிரிப்பு என்று எனக்குத் தெரியவில்லை. "இல்லீங்க அக்கா," என்றார். "இங்கயும் இல்லீங்க."

ஜூன் மாதம் வடக்கே எங்கேயோ வேலை கிடைத்துப் போய்விட்டார். மெத்தையையும் தகரப் பெட்டியையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, டிரைவரிடம் போய், ஊர் எல்லை தாண்டும்வரை ஹாரன் அடிக்க வேண்டாம் என்று நான் தனியாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் மாடி அறையைக் கேட்டு எத்தனையோ பேர் வந்தார்கள். பாங்கியில் வேலைபார்க்கிறவர் ஒருவர் கூடுதல் வாடகை தருகிறேன் என்றும் சொன்னார். ரங்கம்மாக்கா ஒவ்வொருவரிடமும், அந்த அறைக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்.

"அறை சும்மாத்தானே கிடக்கு அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மானம் கறுத்துக்கிட்டு வருது தம்பி," என்றார் அக்கா, வானத்தைப் பார்த்தபடி. "அவுக பாட்டுக்குத் திடீர்னு வந்து நின்னா எங்கன போவாக?"

நான் போய் மாடி அறைக் கதவைத் திறந்து வைத்தேன்.